நீரின் ஆழம் பார்த்துப் பறவை பார்த்தல்: வேடந்தாங்கல், கரிக்கிலி அனுபவங்கள்

வேடந்தாங்கலுக்குப் புறப்பட நினைக்கும் நண்பர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, பறவைகள் வந்துவிட்டனவா என்பதே. அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது? பல பருவங்களாக அந்தக் கரையில் நடந்து பார்த்ததில், பறவைகள் தங்குவதா வேண்டாமா என்பதையும், எந்த மரத்தில் கூடு கட்டுவது, எங்கே இரை தேடுவது என்பதையும், ஏன், நாம் எந்த இடத்தில் நின்றால் எதைப் பார்க்கலாம் என்பதையும்கூட நீரின் ஆழமே தீர்மானிக்கிறது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். இதை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு ஒரே ஏரி ஒவ்வொரு முறையும் வேறு ஏரியாகத் தெரியும்.

செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்துக்கு அருகில், சென்னையிலிருந்து சுமார் 80 கி.மீ. தொலைவில் இருக்கும் வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர் மட்டுமே. சரணாலயம் என்ற பெயரைக் கேட்டு அடர்ந்த காட்டை எதிர்பார்த்து வருபவர்கள் வாசலில் சற்றே ஏமாற்றமடைவதைக் கண்டிருக்கிறேன். கரையும் மதகும், ஏரி நிரம்பினால் உபரிநீர் வழிந்தோடும் கலங்கலும் கொண்டு, வயல்களுக்குப் பாசனம் தருகிற ஊர் ஏரிதான் அது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நன்றாகப் பெய்து ஏரி நிறையும்போது, உள்ளே நிற்கும் நீர்க்கடம்பு மரங்களின் அடிப்பகுதி முழுவதும் நீரில் மூழ்கி, ஒவ்வொரு மரக்கூட்டமும் தனித் தீவாகிவிடுகிறது. கூடு கட்ட வரும் பறவைக்கு வேண்டியது இந்த அகழிதான். நரியோ காட்டுப்பூனையோ நாயோ நடந்து வந்து ஏற முடியாத மரத்தில் முட்டையிட்டால், காவலில் பாதியைத் தண்ணீரே பார்த்துக்கொள்கிறது. மழை பொய்த்து மரத்தடி காய்ந்து கிடக்கும் ஆண்டுகளில் கூட்டமாக வந்து கூடு கட்டும் பறவைகள் பெரும்பாலும் அந்த ஏரியைத் தவிர்த்துவிட்டு வேறு நீர்நிலை தேடிப் போய்விடுகின்றன. ஆகவே நவம்பர் முதல் மார்ச் வரை பருவம் என்று பலகையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பிப் போவது சரியல்ல. அந்த ஆண்டு மழை எப்படி, ஏரி நிரம்பியதா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. ஒருமுறை கரையில் இருந்த காவலர் ஒருவர், "கலங்கல் போன வருஷம் சார் இது, கூழைக்கடா நிறைய கட்டியிருக்கு" என்று சொன்னார். பருவத்தைப் பற்றிய முழுத் தகவலும் அந்த ஒரே வரியில் இருந்தது.

மாதத்தைப் பொறுத்தவரை, என் விருப்பம் சனவரிப் பிற்பகுதியும் பிப்ரவரியும்தான். நவம்பர் இறுதியில் போனால் பறவைகள் வந்து இடம்பிடிக்கும் சண்டையையும், குச்சி சுமந்து வரும் பரபரப்பையும் பார்க்கலாம். எனினும் மழை மேகமும் சேறும் தொந்தரவு தரும். பிப்ரவரியில் பல கூடுகளில் குஞ்சுகள் தலைதூக்கியிருக்கும், வெயில் இன்னும் கடுமையாகியிருக்காது. பொங்கல் விடுமுறை நாள்களை, குறிப்பாகக் காணும் பொங்கலை, நான் தவிர்த்துவிடுவேன். அன்று பறவைகளைவிட மனிதர்களின் குரலே ஏரி முழுவதும் கேட்கும்.

நாளின் நேரமும் முக்கியம். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பும், மாலையில் நான்கு மணிக்குப் பிறகும் இரண்டு வேறுவகையான காட்சிகள் கிடைக்கின்றன. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் மாலையையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். பகல் முழுவதும் சுற்றுவட்டார வயல்களிலும் ஏரிகளிலும் இரை தேடிய நாரைகளும் கொக்குகளும் அரிவாள் மூக்கன்களும் வரிசை வரிசையாகத் திரும்பி வந்து இறங்கும் நேரம் அது. அவை மரத்தில் அமர்ந்துகொண்டிருக்கும்போதே, அதுவரை இலைகளுக்கிடையில் கழுத்தைச் சுருக்கி உறங்கிக்கொண்டிருந்த வக்கா எனப்படும் இராக்கொக்குகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி வெளியே போகும். ஒரே மரம் பகல் பணிக்கும் இரவுப் பணிக்கும் ஆள் மாற்றுவதை அந்த அரை மணி நேரத்தில் நேரில் காணலாம்.

கரையில் நின்று முதன்முதலாகப் பார்க்கும்போது மரமெல்லாம் வெள்ளையும் கறுப்புமாக ஒரே குழப்பமாகத் தெரியும். அப்போது எல்லாப் பறவைகளையும் அடையாளம் காண முயலாமல், ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து அதை உச்சியிலிருந்து நீர்மட்டம் வரை மெதுவாகப் படித்து வருவது என் வழக்கம். உச்சிக் கிளைகளில் பெரும்பாலும் பெரிய உடல் கொண்ட கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் இருக்கும். இறங்கவும் எழும்பவும் அவற்றின் அகன்ற இறக்கைகளுக்குத் தடையில்லாத திறந்த வெளி வேண்டும். நடுவில் நத்தை குத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், கொக்குகள் ஆகியவை நெருக்கமாக அமர்ந்திருக்கும். கீழ்க் கிளைகளிலும் நீரை நோக்கித் தாழ்ந்த கொம்புகளிலும் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். இந்த அடுக்கு முறை எல்லா மரத்திலும் ஒழுங்காக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆயினும் எங்கே எதைத் தேடுவது என்று கண்ணுக்குப் பழக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இவற்றுள் நத்தை குத்தி நாரையிடம் நான் அதிக நேரம் செலவிடுவேன். வளர்ந்த பறவையின் மேலலகும் கீழலகும் நடுவில் ஒட்டாமல் இடைவெளி விட்டிருப்பதைப் பார்த்து, அந்த இடுக்கில் நத்தையை வைத்து நசுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கீழலகின் கூர்மையான நுனியை நத்தை ஓட்டின் வாய்க்குள் செலுத்தி, உடலை ஓட்டோடு பிணைத்திருக்கும் தசையை அறுத்து, சதையை முழுமையாக வெளியே இழுத்துவிடுகிறது. குஞ்சுகளுக்கு இந்த இடைவெளி இராது; வளர வளரத்தான் தோன்றும். எனவே கூட்டில் அமர்ந்திருக்கும் பறவை இளையதா முதிர்ந்ததா என்பதை அலகைப் பார்த்தே சொல்லிவிடலாம். நெல் வயலில் கிடைக்கும் நத்தைகளே இதன் தலையாய உணவு என்பதால், ஏரியைச் சுற்றி நெல் நடவு நடக்கும் ஆண்டில் இந்த நாரைக்கு உணவுப் பஞ்சம் இருப்பதில்லை.

மஞ்சள் மூக்கு நாரையைப் பார்க்க விரும்புபவர் மரத்தில் மட்டும் தேடாமல், நீர் வற்றத் தொடங்கும் ஓரங்களிலும் பார்க்க வேண்டும். அலகைப் பாதி திறந்து நீருக்குள் வைத்துக்கொண்டு, தலையை இருபுறமும் அசைத்தபடி, ஒரு காலால் அடிச்சேற்றைக் கிளறிக்கொண்டே அது நடக்கும். கலங்கிய நீரில் மீன் கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. அலகில் பட்ட மறுகணமே அலகு மூடிக்கொள்ளும். கரண்டிவாயனும் தொடுவுணர்வை நம்பியே, தட்டையான அலகைப் பக்கவாட்டில் வீசி வீசி இரை தேடுகிறது. கொக்கும் சாம்பல் நாரையும் அப்படியல்ல; அவை கண்ணை நம்பி அசையாமல் காத்திருப்பவை. எந்தப் பறவை எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதைக் கவனித்தால் அடையாளம் காண்பது மிக எளிதாகிவிடும். ஈரச் சேற்றில் ஓடித் திரிபவை உள்ளான்களும் உப்புக்கொத்திகளும். கணுக்காலளவு நீரில் சின்னக் கொக்கு. அதைவிட ஆழத்தில் நெடுங்கால் கொண்ட நாரைகள். நிற்கவே முடியாத ஆழத்தில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் முக்குளிப்பானும். உடல் முழுவதும் நீருக்குள் மறைந்து, நீண்ட கழுத்து மட்டும் வளைந்து மேலே தெரிந்தால் அது பாம்புத்தாரா. புதிதாக வருபவர்கள் அதைக் கண்டு பாம்பு என்று கூச்சலிடுவதும் நடக்கும்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். இத்தனை ஆயிரம் பறவைகளுக்கும் அவற்றின் குஞ்சுகளுக்கும் 30 ஹெக்டேர் ஏரியில் உணவு எப்படிப் போதும்? போதாது. வேடந்தாங்கல் முதன்மையாகப் படுக்கையறையும் பிரசவ அறையும்தான். சமையலறை வெளியே இருக்கிறது. சுற்றிலுமுள்ள வயல்கள், வாய்க்கால்கள், பெயர் கூட அதிகம் அறியப்படாத சிறு ஏரிகள் ஆகியவற்றுக்கு நாள்தோறும் பறந்து போய்த்தான் பறவைகள் இரை கொண்டு வருகின்றன. இதனால்தான் 1998-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபோது ஏரியோடு நிறுத்தாமல் அதைச் சுற்றி 5 கி.மீ. ஆரத்துக்குள் இருக்கும் பகுதியும் பாதுகாப்புக்குள் கொண்டுவரப்பட்டது பொருளுள்ள முடிவாக எனக்குப் படுகிறது. அந்த எல்லையை மாற்றியமைக்க 2020-இல் முன்வைக்கப்பட்ட திட்டத்துக்குச் சூழலியல் ஆர்வலர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்ததற்கும் இதுவே காரணம். கரையில் மட்டும் நின்று பார்ப்பவருக்கு அந்த எதிர்ப்பு மிகையாகத் தோன்றலாம். வரும் வழியில் வயலோரம் வண்டியை நிறுத்தி, உழுத சேற்றில் நூற்றுக்கணக்கில் இறங்கியிருக்கும் அரிவாள் மூக்கன்களையும் நாரைகளையும் பார்த்தவருக்கு அப்படித் தோன்றாது.

அதனால் நான் யாரையும் அழைத்துச் சென்றாலும், சரணாலய வாசலுக்கு நேராகப் போகாமல் சில கிலோமீட்டர் முன்பிருந்தே வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்வேன். சாலையோர ஏரிகளில் நீர் தேங்கியிருந்தால் வண்டிக்குள் இருந்தபடியே பார்ப்பது நல்லது. இறங்கி நடக்கும் மனிதனுக்கு அஞ்சும் பறவை, நின்றுகொண்டிருக்கும் வாகனத்துக்குப் பெரும்பாலும் அஞ்சுவதில்லை. இறங்கியே ஆக வேண்டுமென்றால் வரப்பை மிதிப்பதற்கு முன் வயலில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். அப்படிக் கேட்டபோது முதியவர் ஒருவர், "தாராளமா பாருங்க தம்பி, இந்த ஏரித் தண்ணி பாயற வயலுக்கு உரம் வாங்கற செலவு கொஞ்சம் கம்மி" என்று பறவைகளின் சார்பில் பரிந்து பேசினார். மரங்களிலிருந்து விழும் எச்சம் நீரில் கரைந்து தழைச்சத்தாக வயலுக்குப் போவதை இவ்வூர் உழவர்கள் தலைமுறைகளாக அறிந்திருக்கிறார்கள். 1798-ஆம் ஆண்டிலேயே, பறவைகளைச் சுடுவதற்குத் தடை வேண்டுமென்று ஊர்மக்கள் கேட்க, அன்றைய செங்கல்பட்டுப் பகுதிக் கலெக்டர் லயோனல் பிளேஸ் கவுல் எனப்படும் உரிமை ஆவணத்தை வழங்கினார் என்பது இந்த ஊரின் பெருமை. பின்னர் 1858-இல் அந்த உரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. அரசு முன்வந்து ஊருக்குக் கற்பித்த பாதுகாப்பு அன்று இது. ஊர் கேட்டு அரசிடம் வாங்கியது. வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022-இல் ராம்சார் ஈரநிலங்களாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களாக, அறிவிக்கப்பட்டதற்கு முன்பே இரண்டு நூற்றாண்டுக் கதை இங்கே நடந்து முடிந்திருக்கிறது.

கரிக்கிலி என்ற பெயரைச் சொன்னால், வேடந்தாங்கலுக்குப் பலமுறை வந்தவர்களிலும் சிலர் விழிக்கிறார்கள். சுமார் 10 கி.மீ. தொலைவிலேயே இருக்கும் அந்த ஏரிக்கும் போகாமல் திரும்புவது பாதிப் பயணம் என்றே சொல்வேன். வேடந்தாங்கலில் மரமும் கூடும் முதன்மை என்றால், கரிக்கிலியில் திறந்த நீர்ப்பரப்பும் ஆழம் குறைந்த ஓரங்களும் முதன்மை. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் நீலச் சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் போன்ற வலசை வாத்துகள் இத்தகைய நீரில்தான் கூட்டமாக மிதக்கும். அவை இங்கே கூடு கட்டுவதில்லை. குளிரைக் கழித்துவிட்டு, இனப்பெருக்கத்துக்கு வடக்கே திரும்பிவிடும். பகலில் பெரும்பகுதியும் அவை நடுநீரில் தலையைச் செருகி உறங்கிக்கொண்டிருப்பதால், பார்ப்பவருக்கு அலுப்புத் தட்டும். அந்த நேரத்தில் வானத்தையும் ஒரு கண்ணால் கவனிக்க வேண்டும். சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று கோரைக்கு மேல் தாழ்வாக மிதந்து வந்தால் போதும், கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் எழும்பும். அப்போது இறக்கையின் நிறப்பட்டைகள் வெளிப்பட்டு, மிதக்கும்போது பிரித்தறிய முடியாத வாத்துகளையும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

அல்லியும் கோரையும் அடர்ந்த ஓரங்களுக்குப் பொறுமை அதிகம் தேவை. நெற்றியில் வெள்ளைக் கவசம் கொண்ட நாமக்கோழியும், சிவந்த அலகுடைய நீலத் தாழைக்கோழியும் எளிதில் தென்படும். நீளவால் இலைக்கோழியைத் தேடும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: பெயருக்குரிய நீண்ட வால் இனப்பெருக்கக் காலத்துக்கு மட்டுமே உரியது, நாம் போகும் குளிர்காலத்தில் அது உதிர்ந்து, நிறமும் மங்கியிருக்கும். வாலைத் தேடினால் பறவையைத் தவறவிடுவோம். இலைமேல் உடல் எடையைப் பரப்பி நடக்க உதவும் மிக நீண்ட கால்விரல்களையே அடையாளமாகக் கொள்ள வேண்டும். இதே ஓரங்களில் தண்ணீர்ப்பாம்பும் ஆமையும் தவளையும் தட்டான்களும் இருக்கின்றன. பறவைகளை மட்டுமே தேடி வருபவர்களின் கண் இவற்றின்மேல் படுவதேயில்லை. பறவைகள் இங்கே இருப்பதற்கு இவையும் காரணம் என்று எண்ணி, பைனாகுலரை இறக்கிவிட்டுக் காலடி ஓரத்தையும் சிறிது நேரம் பார்ப்பது நல்லது.

பைனாகுலர் வாங்குவது பற்றிப் பலரும் கேட்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 8 மடங்கு பெரிதாக்கமும் 42 மி.மீ. முகப்பு வில்லையும் உடையதே ஏரிக்கரைக்குப் பொருத்தமானது. 10 மடங்கு என்றால் இன்னும் நன்றாகத் தெரியும் என்று கடையில் சொல்வார்கள். பெரிதாக்கம் கூடக் கூடக் கை நடுக்கமும் பெரிதாகும், பார்வைப் பரப்பும் சுருங்கும், பறக்கும் பறவையைப் பின்தொடர முடியாது. காலையிலோ மாலையிலோ, சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படியான கரைப்பகுதியைத் தேடி நிற்க வேண்டும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான். மங்கலான நிற உடை, தொப்பி, குடிநீர், குறிப்பேடு ஆகியவற்றோடு பயணம் நிறைவாகும். குறிப்பேட்டில் தேதியோடு ஏரியின் நீர்நிலையையும் ஒரு வரி எழுதிவைப்பேன்: கலங்கல் போகிறதா, மரத்தடி நீரில் இருக்கிறதா, சேறு தெரிகிறதா என்ற அளவில். சில ஆண்டுகள் கழித்துப் பார்க்கும்போது பறவைப் பட்டியலை விளங்கிக்கொள்ள அந்த ஒரு வரிதான் உதவுகிறது. 1987 முதல் ஆண்டுதோறும் சனவரியில் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலராகச் சேர விரும்புவோருக்கும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும். பெரிய கூட்டத்தை எண்ணும்போது முதலில் இருபது பறவைகளை எண்ணி, அது கண்ணுக்கு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அதே அளவுகோலால் மீதியை அளந்து போவதே நடைமுறை.

நடந்துகொள்ளும் முறையைப் பற்றி நான் சற்றுக் கண்டிப்பானவன். பறவைகள் பறக்கும் காட்சிக்காகக் கைதட்டுவதும் விசிலடிப்பதும் நான் அடிக்கடி காண்கிற கொடுமை. குஞ்சு பொரித்த கூட்டின்மேல் தாய்ப்பறவை நண்பகலில் இறக்கையை விரித்துக் குடைபோல் நிற்பதைப் பார்த்திருக்கலாம். வெயில் நேரடியாகப் பட்டால் இறகு முளைக்காத குஞ்சு தாங்காது என்பதால்தான் அது அப்படி நிற்கிறது. அதை விரட்டிவிட்டு ஒரு படம் எடுத்தால், அது திரும்பும் வரை குஞ்சு வெயிலில் கிடக்கும். காகமும் பருந்தும் அந்த இடைவெளிக்காகவே காத்திருக்கும். பறவை தலையை உயர்த்தி நம்மையே உற்றுப் பார்க்கத் தொடங்கினால் அதுவே நிற்க வேண்டிய எல்லை. ஆள்காட்டிப் பறவை கத்தத் தொடங்கிவிட்டால் எல்லையை ஏற்கெனவே தாண்டிவிட்டோம் என்று பொருள். பொரியோ பிஸ்கட்டோ வீசுவதும் வேண்டாம்; மீனும் நத்தையும் தின்னும் பறவைக்கு அது உணவாகாது, காகங்களைத்தான் கூட்டுக்கருகே வரவழைக்கும்.

காற்று பலமாக வீசும் நாள்களில் கூட்டிலிருந்து குஞ்சு தவறி விழுவதுண்டு. கரையோரம் அப்படி ஒன்றைக் கண்டால், இரக்கத்தால் தூக்கிக்கொண்டு போகவோ, வாயில் தண்ணீர் ஊற்றவோ கூடாது. நாரைக் குஞ்சின் அலகு கண்ணைக் குறிவைத்துக் கொத்தக்கூடியது; நாம் ஊற்றும் நீர் அதன் மூச்சுக்குழலுக்குள் போய்விடவும் கூடும். இங்குள்ள பறவைகள் வனவிலங்குச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை என்பதால் குஞ்சை வீட்டுக்கு எடுத்துச் செல்வது குற்றமும் ஆகும். நாயும் காகமும் நெருங்காதபடி சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டு, உடன் வந்தவரை அனுப்பி வனத்துறைக் காவலரை அழைத்து வரச் செய்து, எந்த மரத்தின் கீழ், எந்த நேரத்தில் கிடந்தது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மரத்தைச் சரியாகச் சுட்டிக்காட்டினால், அது எந்தக் கூட்டின் குஞ்சு என்று கண்டறியும் வேலை காவலருக்கு எளிதாகிறது.